வேகமாக அழுத்தினால் இரும்பு இறுகுமா?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய பிரஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடம் தந்த வலிமையை வைத்துக் கணக்கிட்டால், எம்.எஸ். (மென்எஃகு) துண்டை அழுத்துவதற்கு அந்தக் கணக்கைவிடக் கூடுதல் டன் தேவைப்படுகிறது. வேகத்தால் உலோகம் இறுகுகிறது என்றார்கள். ஆனால் 304 ரக எவர்சில்வர் தகடு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக இழுத்தால் கிழிவதில்லை; வேகமான பிரஸ்ஸில் கிழிகிறது. இறுகும் உலோகம் ஏன் கிழிய வேண்டும்?
– வாசகர், கணபதி

பதில்: நீங்கள் கண்ட இரண்டும் உண்மை, அவற்றுக்குள் முரண் இல்லை. ஆய்வுக்கூட அறிக்கையில் உள்ள எண், அந்தச் சோதனை எந்த வேகத்தில் நடந்ததோ அந்த வேகத்துக்கு உரியது. 50 மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள துண்டை நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் இழுத்தால், விநாடி ஒன்றுக்கு அது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீள்கிறது. 20 மில்லிமீட்டர் உயரமுள்ள துண்டின் மேல் டை (அழுத்தும் அச்சு) விநாடிக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும்போதோ அதே கணக்கு விநாடிக்கு 20 என வருகிறது. திரிபு வீதம் எனப்படும் இந்த அளவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 20,000 மடங்கு.

உலோகம் நிலையாக வளைவது, அதன் படிகங்களுக்குள் டிஸ்லொகேஷன் எனப்படும் பிறழ்வுக் கோடுகள் நகர்வதால்தான். தடை எதிர்ப்படும்போது, அந்தக் கோடு தடையைத் தாண்டிவிட அணுக்களின் வெப்ப அதிர்வு உதவுகிறது. மெதுவாக இழுத்தால் அந்த உதவிக்காகக் காத்திருக்க நேரம் உண்டு. வேகமாக அழுத்தினால் நேரம் இல்லாததால், குறைந்த பங்கை விசையே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. பொருள்மையக் கனசதுர அமைப்புடைய (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள் அமைந்த) மென்எஃகில் இந்த விளைவு மிக வலுவானது. கௌப்பர், சைமண்ட்ஸ் இருவரின் பெயரால் வழங்கும் சூத்திரத்தின்படி, திரிபு வீதம் விநாடிக்கு 40 ஆகும்போது அதன் ஈல்டு வலிமை (நிலையான வளைவு தொடங்கும் வலிமை) ஏறத்தாழ இரு மடங்காகிறது. இது வளைவு தொடங்கும் கணத்துக்கான கணக்கு. துண்டு மேலும் நசுங்க நசுங்க இந்த இடைவெளி சுருங்கிவிடும் என்பதால், மொத்த டன்னையும் இரட்டிப்பாக்கிப் பெரிய பிரஸ் வாங்கிவிடாதீர்கள். முகப்புமைய அமைப்புடைய (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமைந்த) செம்பிலும் அலுமினியத்திலும் அறை வெப்பநிலையில் இந்த ஏற்றம் மிகக் குறைவு.

எவர்சில்வர் கிழிவதற்குக் காரணம் வெப்பம். உருமாற்றத்துக்குச் செலவாகும் வேலையின் பெரும்பகுதி வெப்பமாகிறது என்பதை டெய்லரும் குவின்னியும் 1934-இல் அளந்து காட்டினர். சுமார் 90 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. சராசரித் தகைவு (ஓரலகுப் பரப்பின் மேலுள்ள விசை) 600 மெகா பாஸ்கலாகவும் திரிபு (நீள மாற்றத்தின் அளவு) 0.5 ஆகவும் இருந்தால், அந்த வெப்பம் எஃகை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் சூடேற்றப் போதும். மெதுவான வேலையில் அது டைக்கும் காற்றுக்கும் போய்விடும். வேகமான வேலையில் வெளியேற நேரமின்றித் தகட்டிலேயே தங்கிவிடும்.

304 ரகம் நன்றாக நீள்வதற்கு முக்கியக் காரணம், இழுபடும்போது அதன் இயல்பான படிக அமைப்பான ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்னும் கடினமான அமைப்பாக மாறுவதே. எந்த இடம் மெலியத் தொடங்குகிறதோ அந்த இடம் முதலில் இறுகிக்கொள்வதால், மெலிவு அங்கேயே குவியாமல் தகடெங்கும் பரவுகிறது. தகடு சூடாகிவிட்டால் இந்த மாற்றம் தடைபடும். ஆகவே வேகம் கூடும்போது ஈல்டு வலிமை உயர்ந்தாலும், அதற்குப் பின் இறுகும் வீதம் தாழ்ந்து, மெலிந்த இடம் மேலும் மெலிந்து கிழிகிறது. தொடக்க வலிமை வேறு, இறுகும் வீதம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதை நீங்களே சோதிக்கலாம். காந்தம் ஒட்டாத ஒரே 304 தகட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை மெதுவாகவும் மற்றொன்றை வேகமாகவும் இழுத்து, சுவரின் ஒரே உயரத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். மார்ட்டென்சைட் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால், மெதுவாக இழுத்ததில் ஈர்ப்பு கூடுதலாகத் தெரிய வேண்டும். மசகு எண்ணெயும் தகடு பிடிக்கும் அழுத்தமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். அவை மாறினால் கிழிசலுக்கு வேறு காரணம் புகுந்துவிடும்.

கேள்வி: பழுக்கக் காய்ச்சிய இரும்பிலும் வேகம் இப்படித்தான் வேலை செய்யுமா?
– வாசகர், சென்னிமலை

பதில்: அங்கே வேகத்தின் பிடி இன்னும் இறுக்கமானது. செஞ்சூட்டில் எஃகு இறுகிக்கொண்டே தன்னைத் தளர்த்தியும் கொள்கிறது. தளர்வதற்கு நேரம் வேண்டும். வேகத்தைப் பத்து மடங்காக்கினால், சூடான எஃகுக்கு வழக்கமான 0.1 முதல் 0.2 வரையிலான வேக உணர்வெண்ணின்படி (வேகம் கூடும்போது தகைவு எவ்வளவு ஏறும் என்பதைக் காட்டும் அடுக்கெண்), தேவைப்படும் தகைவு ஏறத்தாழ 26 முதல் 58 விழுக்காடு வரை உயரும். ஆயினும் அரிவாள் போன்ற மெல்லிய பொருளைச் சம்மட்டியால் விரைந்து அடிப்பதே சரி. பட்டடைக் கல்லில் கிடக்கும் நேரம் நீண்டால் விளிம்பு ஆறிவிடும். அந்தக் குளிர்ச்சியால் ஏறும் வலிமை, வேகத்தால் ஏறுவதைவிடப் பெரிதாகிவிடும்.