கதம்பையை உரித்தபின் சிரட்டை

கேள்வி: மார்த்தாண்டம் அருகே எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். பேக்கரி ஈஸ்ட்டிலிருந்து புரதம் பிரிப்பது என் புராஜெக்ட். லைசோசைம் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தும் மைக்ராஸ்கோப்பில் செல்கள் முழுசாகவே இருக்கின்றன. நொதியைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். லைசோசைம் வெட்டுவது பாக்டீரியாச் சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கானை. ஈஸ்ட் சுவரில் அந்தப் பொருளே கிடையாது.

நம்மூர்த் தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கதம்பை போல மேனோபுரோட்டீன், அதாவது சர்க்கரை ஒட்டிய புரதம். உள்ளே சிரட்டை போல பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, கூடவே கொஞ்சம் கைட்டின். சிரட்டையை உடைப்பது பீட்டா-1,3-குளுக்கனேஸ் என்ற நொதி. ஸைமோலியேஸ், லைட்டிகேஸ் என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் கதம்பை இருக்கும்வரை அது எளிதில் உள்ளே போகாது. அதைக் கட்டிவைத்திருக்கும் டைசல்பைடு பிணைப்புகளை முதலில் டிடிடி (டைதயோத்ரைட்டால்) கொண்டு அவிழ்க்க வேண்டும்: 10 மில்லிமோலார், சுமார் 20 நிமிடம், அப்புறம் கழுவிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு நொதியைக் குறை சொல்பவர்களே அதிகம்.

பிறகு பிஎச் 7.5, 30 டிகிரி, 1 மோலார் சார்பிட்டால் கலந்த பஃபரில் நொதியைச் சேருங்கள். சித்திரை வெயிலில் நாகர்கோவில் லேபில் வாட்டர் பாத் எதற்கு என்று தோன்றும், இருந்தாலும் வையுங்கள். சுவர் இழந்த செல் வெடிக்காமல் காப்பது சார்பிட்டால்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்து, கலங்கலை 600 நானோமீட்டர் ஒளியில் அளந்து பாருங்கள். அது தெளிந்து, முதல் அளவில் பத்தில் ஒன்றாக இறங்கினால் போதும். செல்களை மெல்லச் சுழற்றிப் படியவைத்து, சார்பிட்டால் இல்லாத குளிர்ந்த பஃபரில் போடுங்கள். தானே வெடிக்கும்.

ஆபத்தும் அங்கேதான். செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் அடைந்து கிடந்த புரோட்டியேஸ்களும் (புரதத்தை வெட்டும் நொதிகள்) சேர்ந்து வெளியே வந்து, நீங்கள் தேடும் புரதத்தையே தின்னும். அதனால் அவற்றைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப், பெப்ஸ்டாட்டின் இரண்டும் அந்தக் குளிர்ந்த பஃபரில் வேண்டும். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செயலிழக்கும். கடைசி நிமிடத்தில் சேருங்கள். குழாய் ஐஸிலேயே இருக்கட்டும்.

பாக்கெட் ஈஸ்ட்டை நேராகப் போட்டீர்களா? வளர்ந்து ஓய்ந்த செல்லின் சுவர் எளிதில் மசியாது. புதிய ஊடகத்தில் வளர்த்து, பெருகிக்கொண்டிருக்கும்போதே அறுவடை செய்யுங்கள்.

கோழித் தீவனத்துக்கென்றால் இவ்வளவு செலவு எதற்கு? 50 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் ஈஸ்ட் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் சேர்த்தால் இன்னும் வேகம். ஆனால் கிடைப்பது பெரும்பாலும் பெப்டைடும் அமினோ அமிலமும்; புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனை சின்னத் துண்டுகளைக் காட்டாது.

இன்னொன்று, நொதியும் புரதம்தான். ஈஸ்ட் இல்லாமல் நொதி மட்டும் போட்ட குழாய் ஒன்றையும் அளந்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.