ஆளுக்கு ஒரு பாட்டு: சிட்னி நாட்டுப்பாடல் கிளப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், சிட்னியில் நான் உறுப்பினராக இருக்கும் நாட்டுப்பாடல் கிளப்பைப் பற்றிச் சில பத்திகள் எழுதியிருந்தேன். கர்நாடக வயலின் கற்றவள், ஆட்டுரோமம் கத்தரிக்கிறவர்களின் பாட்டுக்கு வில் போடுகிறாளா என்று பலர் ஆவலாகக் கேட்டிருக்கிறீர்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிளப் என்று எழுதுகிறீர்கள். அங்கே நடப்பது கச்சேரியா, பஜனையா, வேறு ஏதாவதா? — வாசகர், திருச்சி

பஜனைக்குத்தான் கிட்டே வரும் ஐயா. மேடை கிடையாது. ஒரு பொது மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். முறை ஒவ்வொருவராகச் சுற்றி வரும். உங்கள் முறை வந்ததும் பாடலாம், வாசிக்கலாம், கவிதை சொல்லலாம், எதுவும் வேண்டாமென்றால் ‘பாஸ்’ என்று பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுவிடலாம். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். பல்லவி வந்ததும் வட்டம் முழுவதும் சேர்ந்துகொள்ளும்.

வேறு சில இரவுகளில் கரும்பலகைக் கச்சேரி. வாசலில் ஒரு பலகை இருக்கும், வருகிறவர்கள் சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டு உள்ளே போவார்கள். எழுதிய வரிசையில் ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. நடுவே தேநீர் இடைவேளை. பஸ் ஓட்டுநர், ஓய்வு பெற்ற ஆசிரியை, நர்ஸ், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் எல்லாரும் அந்தப் பலகையில் இருப்பார்கள்.

நான் அங்கே திரும்பத் திரும்பப் போவதற்கு ஒரே காரணம்தான். நன்றாகப் பாடுகிறவர்கள் மட்டும் பாட வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. குரல் நடுங்கினால் சுற்றியிருப்பவர்கள் பாட்டைத் தூக்கிக்கொள்வார்கள். எழுத்தில் ஏறாத எந்தப் பாட்டும் இப்படிச் சாதாரண மனிதர்கள் சேர்ந்து பாடிப் பாடித்தானே நம் காலம் வரை வந்திருக்கிறது?

இந்தக் கிளப்புகள் எப்படித் தொடங்கின? வெள்ளையர்கள் வந்த நாள் முதலே உண்டா? — கல்லூரி மாணவி, மதுரை

பாட்டு பழையது, கிளப் புதியது. ஆடு மாடு ஓட்டியவர்கள், ரோமம் கத்தரித்தவர்கள், தங்கம் தோண்டப் போனவர்கள், கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்று 19ஆம் நூற்றாண்டு மனிதர்களின் பாட்டுகள் இவை. மெட்டுகளில் பல அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து அவர்களோடு கூடவே வந்தவை. வானொலியும் சினிமாவும் வந்தபின் அவை கிழவர்கள் நினைவில் மட்டும் தங்கிப்போயின.

1950களில் சிட்னியில் ஜான் மெரிடித் என்பவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹோல்புரூக் என்ற சிற்றூரில் பிறந்தவர். பட்டன் அக்கார்டியன் வாசிப்பார். எந்த ஊரில் எந்தக் கிழவருக்குப் பழைய பாட்டுத் தெரியும் என்று விசாரித்து விசாரித்துப் போனார். நீல மலைக்கு அப்பால் லித்கோ என்ற நிலக்கரி ஊரில் அவர் கண்டெடுத்த பொக்கிஷம் சாலி ஸ்லோன் என்ற பெண்மணி. அயர்லாந்திலிருந்து வந்த பாட்டியிடமிருந்து தாய் கற்று, தாயிடமிருந்து இவர் கற்ற பாட்டுகள் அவரிடம் ஏராளமாக இருந்தன. பிடில், அக்கார்டியன், மவுத் ஆர்கன் எல்லாம் வாசிப்பார். மெரிடித் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளில் எத்தனை அந்த வீட்டோடு போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

மெரிடித்தும் நண்பர்களும் ‘புஷ்வாக்கர்ஸ்’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1891இல் ரோமம் கத்தரிப்பவர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட ‘ரீடி ரிவர்’ என்ற இசை நாடகம் 1953இல் மேடையேறியது. சிட்னியில் அதற்கு வாசித்தது இந்தக் குழு. பார்த்தவர்களுக்குக் கேட்டது போதவில்லை, தாங்களும் பாட வேண்டும் என்றார்கள். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கத்தான் 1954இல் சிட்னியில் ‘புஷ் மியூசிக் கிளப்’ பிறந்தது (‘புஷ்’ என்றால் இங்கே நகரத்துக்கு வெளியே உள்ள காட்டுப்புறம்). 1956இலிருந்து ‘சிங்அபவுட்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தி, சேகரித்த பாட்டுகளை அச்சேற்றினார்கள். இளவயதில் கொட்டகை கொட்டகையாக நடந்து போய் ரோமம் கத்தரித்த டியூக் டிரிட்டன் என்ற முதியவர் கிளப்புக்கு வந்து, தான் உழைத்த நாட்களில் கேட்ட பாட்டுகளை இளைஞர்களுக்குப் பாடிக் காட்டினார். 1886இல் பிறந்தவர் அவர். அவர் பெயரை ஒரு மண்டபத்துக்கு வைத்து நன்றி சொன்னார்கள்.

சென்ற இதழ்ப் படத்தில் ஒருவர் கையில் சோடா மூடிகள் அடித்த கம்பு இருந்ததே, அது வாத்தியமா? — வாசகர், காரைக்குடி

வாத்தியமேதான். லாகர்போன் என்று பெயர். துடைப்பக் கம்பில் பீர் பாட்டில் மூடிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆணி இறுகாமல் இருக்க வேண்டும், இறுகினால் மூடி சலசலக்காது. கம்பின் அடியில் ஒரு ரப்பர் கட்டை. தரையில் குத்தினால் ‘சல்’ என்று வரும். வெட்டு வெட்டாகப் பல் வைத்த இன்னொரு குச்சியால் தேய்த்தாலும் தட்டினாலும் வேறு வேறு சத்தம். மெரிடித்தின் சகோதரர் மூலம் ஹோல்புரூக்கிலிருந்துதான் அது புஷ்வாக்கர்ஸ் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். தேயிலை வந்த பலகைப் பெட்டி அது. கவிழ்த்து, ஒரு கம்பு நிறுத்தி, ஒற்றைக் கயிறு கட்டினால் அடிநாதத்துக்கு ஆயிற்று. கம்பைச் சாய்த்து நிமிர்த்திக் கயிற்றின் விறைப்பை மாற்றுவதில்தான் சுரம் வரும். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் கப்பலேறியது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகளில் மலையகத்து நம் பெண்களின் கைகளும் உண்டு. அந்தப் பெட்டி ‘தும் தும்’ என்று பேசும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

நான் பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றவள். இப்போது சிட்னி, துங்காபியில் இருக்கிறேன். இந்த வட்டத்தில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா? என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்? — வாசகி

முடியும் அம்மா, தாராளமாக வாருங்கள். உங்கள் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுத ஆசை.

முதலில் சுருதி. நாம் ஸ ப ஸ ப என்று தந்தி கூட்டுகிறோம். இங்கே நான்கு தந்திக்கும் மேல்நாட்டுச் சுரங்கள் ஜி, டி, ஏ, இ. ஒரே வயலினை மாற்றி மாற்றிக் கூட்டினால் தந்தி நொந்துபோகும், சாதாரணமான இரண்டாவது வயலின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து கட்டையில் வாசித்துப் பழகியவரானால் உங்கள் ஸட்ஜம் ஏற்கெனவே ஜி தான், அதனால் ஜி சுருதி மெட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது டி. செஷன்களில், அதாவது வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் கூட்டங்களில், பெரும்பாலும் இந்த இரண்டிலும் ஏயிலும்தான் வாசிக்கிறார்கள்.

ராகம் உங்களுக்குப் பிரச்சினையாகவே இருக்காது. பல மெட்டுகள் சங்கராபரண சுரங்களில் நிற்பவை. சில ஹரிகாம்போஜி, சில கரகரப்ரியா சுரங்களில் வரும். ஆனால் சுரங்கள் மட்டும்தான் அவை, ராகத்தின் பிடிகளைத் தேடாதீர்கள். கமகத்தை அடக்குவதுதான் பெரிய வேலை. காந்தாரத்தைப் பார்த்ததும் விரல் தானே ஆடும். அதை நிறுத்தி சுரத்தை நேராக நிற்க விடுங்கள், அலங்காரத்துக்கு அவர்களிடம் வேறு சின்னச் சின்ன வெட்டுகளும் சுழற்சிகளும் இருக்கின்றன. பிறகு தாளம். ஜிக், ரீல், வால்ட்ஸ் என்பவை நடன மெட்டு வகைகள். ஜிக் என்றால் தகிட தகிட. ரீல் என்றால் தகதிமி தகதிமி, ஓட்டமாக. வால்ட்ஸ் ஒரு தகிட, முதல் தட்டில் அழுத்தம். நடன மெட்டு அநேகமாக எட்டு எட்டுத் தாளக்கட்டாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக முப்பத்திரண்டு. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் நடனமாடுகிறவர்களுக்கு வாசிப்பது சுகமான வேலை.

உட்காரும் விதம்தான் உடம்பைப் படுத்தும். தரையில் அமர்ந்து வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்த நமக்கு நாற்காலியில் ஊன்ற இடம் இல்லை. தோள் தாங்கி ஒன்று வாங்கி, கண்ணாடி முன் பழகுங்கள்.

வட்டத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்கினால் அவர் முடிக்கும்வரை அவர் வேகம்தான். மூன்று முறை சுற்றி வாசித்துவிட்டு அடுத்த மெட்டுக்குத் தாவுவது வழக்கம். தெரியாத மெட்டானால் முதல் சுற்று கேளுங்கள், இரண்டாவதில் மெதுவாக ஒட்டுங்கள். யாராவது துணை வாத்தியம் இல்லாமல் தனியாக ஒரு நீண்ட கதைப்பாட்டுப் பாடினால் வில்லை மடியில் வைத்துவிடுங்கள். அதில் பின்னணி வாசிக்கப் போவது அங்கே பெரிய குற்றம். நம்மிடம் கேள்வி ஞானம் என்று எதற்குப் பெருமைப்படுகிறோமோ, அதுதான் இங்கே முதல் தகுதி. உங்களுக்கு அது இருக்கிறது.

எனக்கு வயது 67. முழங்கால் வலி உண்டு. நடன இரவுக்கு வரலாமா? — வாசகர், மெல்பர்ன்

வாருங்கள். ‘காலர்’ என்று ஒருவர் ஒவ்வொரு நடனத்தையும் இசை இல்லாமல் முதலில் நடத்திக் காட்டுவார். ஜோடி இல்லாமல் வந்தாலும் சேர்த்துவிடுவார்கள். குதிகால், கால்விரல் என்று மாற்றி மாற்றித் தட்டும் போல்கா இங்கே பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் அதில் குதிப்பு உண்டு, நீங்கள் விட்டுவிடலாம். ‘பிரைட் ஆஃப் எரின்’ என்ற மெதுவான வால்ட்ஸ் வரும்போது எழுந்திருங்கள். ‘ஸ்ட்ரிப் தி வில்லோ’ என்ற வேகமான சுழல் நடனத்தை அறிவித்தால் தயவுசெய்து உட்கார்ந்தே இருங்கள்.

பக்கத்து வீட்டு முதியவர் இளமையில் ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வேலியோரம் நின்று ஏதேதோ பாடுகிறார். பதிவு செய்து வைக்கலாமா? — வாசகி, வாகா வாகா

தள்ளிப் போடாதீர்கள். இந்த இதழைப் படித்து முடித்ததும் போய் அவரிடம் கேளுங்கள்.

சம்மதம் முதலில், முடிந்தால் எழுத்தில். போனே போதும், ஆனால் அழைப்பு வராதபடி அமைத்துவிடுங்கள். குளிர்பெட்டி உறுமாத அறையாக இருக்கட்டும். தேதி, ஊர், அவர் பெயரை நீங்களே ஆரம்பத்தில் சொல்லிவிடுங்கள். பாடும்போது குறுக்கே பேசாதீர்கள். வரி மறந்து நின்றால் எடுத்துக்கொடுக்காதீர்கள், அவரே தேடி எடுப்பது வேறு வரியாக இருக்கலாம், அதுதான் மதிப்பு. அச்சில் பார்த்த பாட்டோடு ஒப்பிட்டு “இது தவறு” என்று சொல்லவே கூடாது. முடித்தபின் கேளுங்கள்: யாரிடம் கற்றார், எந்தக் கொட்டகையில், எந்த வேளையில் பாடுவார்கள், சமையல்காரர் பாடுவாரா, கெட்டவார்த்தை உள்ள வடிவம் வேறு உண்டா. பாட்டு வாழ்ந்த வீடு அந்தப் பதில்களில் இருக்கிறது.

ஒரு பிரதி அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். கான்பராவில் உள்ள தேசிய நூலகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கும் நாட்டார் வழக்காற்றுக்கும் தனித் தொகுப்பு இருக்கிறது. மெரிடித்தின் பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன. அவரோடு தொடங்கிய ராப் வில்லிஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாக அந்த நூலகத்துக்காக ஊர் ஊராகப் பதிவு செய்திருக்கிறார்கள். நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

இந்த மண்ணின் பூர்வகுடிகள் பாட்டுகளையும் பாடுவீர்களா? — வாசகர், கோவை

பாடமாட்டோம், அதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் மரபில் பல பாட்டுகளுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். எந்த நிலம், எந்தக் குடும்பம், யார் முன்னிலையில் என்ற வரம்பு உண்டு. பதிவில் கேட்டுவிட்டோம் என்பதற்காக எடுத்துப் பாடுவது உரிமை மீறல். அவர்களே வந்து பாடும்போது உட்கார்ந்து கேட்பது நம் பங்கு.

குடியேறிகளின் மெட்டுப் பாணியில் தங்கள் வாழ்க்கையைப் பாடிய பூர்வகுடிக் கலைஞர்களும் உண்டு. வில்கானியாவின் டக்கி யங் கிதாரோடு பாடிய பாட்டுகளை மானுடவியலாளர் ஜெரமி பெக்கட் பதிவு செய்தார். 1960களில் அவை இசைத்தட்டாகவும் வந்தன. குடித்ததற்காகவும் கறுத்த தோலுக்காகவும் பூட்டப்பட்ட மனிதர்களின் குரல் அது. ‘ஆஸ்திரேலிய நாட்டுப்பாடல்’ என்று சொல்லும் யாரும் அதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

இதற்கெல்லாம் பணம்? அரசு கொடுக்கிறதா? — வாசகர், சேலம்

பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவும் வாசல் கட்டணமும்தான். மண்டப வாடகை, காப்பீடு, பதிப்புரிமை உள்ள பாட்டுகளுக்கான உரிமத் தொகை, தேநீர். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுக்கும். யாருக்கும் சம்பளம் இல்லை. எனக்குள்ள கவலை பணம் அல்ல. எங்கள் வட்டத்தில் நரைத்த தலைகளே அதிகம். இளைஞர்கள் விழாக்களுக்கு ஆர்வமாகப் போகிறார்கள். 1967இல் மெல்பர்னில் தொடங்கி, மாநிலம் மாநிலமாகச் சுற்றி, இப்போது ஈஸ்டர்தோறும் கான்பராவில் நடக்கும் தேசிய நாட்டுப்புற விழாவில் அவர்களைப் பார்க்கிறேன். ஆனால் மாதா மாதம் மண்டபத்தைத் திறந்து நாற்காலி போட ஆள் குறைகிறது. விழா வருடத்துக்கு ஒரு முறை. பாட்டு நாவில் நிற்பது இந்த மாதக் கூட்டங்களில்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வாத்தியமும் தெரியாது. மகளுக்குப் பதினொரு வயது. நாங்கள் வந்தால் ஒட்டுவோமா? என்ன கொண்டுவர வேண்டும்? — வாசகி, மெல்பர்ன்

உங்கள் ஊரிலேயே விக்டோரியன் ஃபோக் மியூசிக் கிளப் இருக்கிறது, 1959இல் தொடங்கியது. முதல் தடவை கேட்க மட்டும் போங்கள். இடைவேளைக்கு ஆளுக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுபோவது பல கிளப்புகளில் வழக்கம், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வடை நிச்சயம் மிஞ்சாது. காரம் குறைவு என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். பாட்டு வரிகளைத் தாளில் பார்த்துப் பாடுவதில் குறை ஒன்றும் இல்லை, பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

முறை வந்தால் தமிழிலேயே பாடுங்கள். யார், எதற்காகப் பாடுகிறார்கள் என்று இரண்டு வரி சொன்னால் போதும், அதை மகள் சொல்லட்டும். நடவுப் பாட்டோ தெம்மாங்கோ எதுவானாலும் ‘தன்னானே’ வருகிற பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். அதை ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் வட்டம் முழுவதும் கூடவே பாடும், என் வட்டத்தில் பாடியிருக்கிறது. மகளுக்கு ஒரு டின் விசில் (சின்ன உலோகக் குழல்) வாங்கிக் கொடுங்கள், விலை அதிகமில்லை. டி சுருதியில் இருக்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள்.