போர்க்கப்பலோட காந்தத்த எதுக்கு எடுக்கறாங்க, எப்படி எடுக்கறாங்க, இந்தக் காலத்துலயும் அது தேவையா?

நான் இருபது வருஷத்துக்கு மேல டிவி மெக்கானிக், பெட்டி மாதிரி பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே அந்த டிவி. நேவில வேலை பாத்தவன் இல்ல. ஆனா இந்தக் கேள்வில இருக்கற காந்தத்த எடுக்கற வேலைய, டீகாஸிங்னு சொல்லுவோம், நான் கையால செஞ்சிருக்கேன், அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடப் போய்தான் கப்பல் கதையே தெரிஞ்சுது, அன்னிலேருந்து இது என்ன விடல.

பழைய கலர் டிவி வச்சிருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஸ்பீக்கர் பாக்ஸ டிவிய ஒட்டி வச்சா ஒரு மூலைல பச்சையா ஊதாவா திட்டு விழும், ஸ்பீக்கர எடுத்துட்டாலும் போகாது. பிக்சர் டியூப்ல கண்ணாடிக்குப் பின்னாடி பொடிப்பொடி ஓட்டை போட்ட மெல்லிசு இரும்புத் தகடு இருக்கு, அதுல காந்தம் ஏறிடும். அதுக்கு ஒரு வளையக் காயில் கொண்டு போவோம், கரண்ட்ல போட்டு டிவி முன்னாடி காட்டினா படம் பூரா கலர் சுழிச்சுக்கிட்டு ஓடும், காயில வட்டமா சுத்திக்கிட்டே மெதுவா பின்னாடி நடந்து ஆறேழு அடி தள்ளி வந்த அப்புறம்தான் ஸ்விட்ச விடணும். கிட்டக்க நிக்கும்போதே விட்டுட்டா திட்டு முன்னவிட மோசமாயிடும். இத மனசுல வச்சுக்கோங்க, கடைசில வேணும்.

கப்பலுக்கு எப்படி காந்தம் ஏறுதுன்னா, கட்டற இடத்துல மாசக்கணக்கா ஒரே திசையப் பாத்து நிக்குது, அவ்வளவு நாளும் தட்டறாங்க, வெல்டிங் அடிக்கறாங்க, பூமியோட காந்தம் அந்த இரும்புல அப்படியே பதிஞ்சு போயிடுது. தண்ணில இறக்கினா ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ஒரு காந்தம் மிதக்குதுன்னு வச்சுக்கலாம். இது போதாதுன்னு, எந்தப் பக்கம் திரும்புதோ அந்தத் திசைக்கு ஏத்த மாதிரி தற்காலிகமா இன்னொரு காந்தமும் வரும்.

1939ல ஜெர்மன்காரங்க இதப் பிடிச்சுக்கிட்டாங்க. பழைய கண்ணிவெடி கப்பல் வந்து மோதினாத்தான் வெடிக்கும், இவங்களோடது கடல் தரைல கிடக்கும், மேல இரும்புக் கப்பல் வந்தா காந்தம் மாறறத உணர்ந்து அடிலேருந்து வெடிக்கும். ஓட்டை விழறது இல்ல விஷயம், முதுகெலும்பே போயிடும். நவம்பர் 21ம் தேதி பெல்ஃபாஸ்ட்ங்கற பிரிட்டிஷ் க்ரூஸர் ஸ்காட்லாந்துல ஃபோர்த் கழிமுகத்துல இப்படி மாட்டி, திரும்ப சர்வீசுக்கு வர 1942 நவம்பர் ஆயிடுச்சு. அதே கப்பல்தான் இப்ப லண்டன்ல தேம்ஸ் நதில மியூசியமா நிக்குது.

அதுக்கப்புறம் நடந்தத நினைச்சா எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும். மறுநாள் ராத்திரியே விமானத்துலேருந்து பாராசூட்ல போட்ட ஒரு கண்ணி ஷூபரினஸ்ங்கற ஊர்ல கடலோரச் சேத்துல விழுந்துடுச்சு, தண்ணி வத்தினதும் அப்படியே வெளில தெரியுது. 23ம் தேதி ஜான் ஊவ்ரிங்கற நேவி ஆபீசர் பால்ட்வின்ங்கற இன்னொருத்தரோட போய் அதப் பிரிச்சார். இரும்பு ஸ்பேனர் கிட்ட கொண்டு போகவே முடியாது, பித்தளைல தனியா டூல்ஸ் செஞ்சு எடுத்துட்டுப் போனாங்க. அடுத்து எந்தத் திருகக் கழட்டப் போறோம்ங்கறத தூரத்துல நின்னவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்டுதான் கை வச்சாங்க, வெடிச்சு செத்துட்டாலும் அடுத்து வர்றவனுக்கு எந்த இடத்துல தப்புன்னு தெரியணும்ல. உள்ள பாத்தா காந்த ஊசி. மேல கீழயா இருக்கற காந்தம் மாறினா அந்த ஊசி அசையும், சர்க்யூட் சேந்து வெடிக்கும்.

விஷயம் தெரிஞ்சதும் வழியும் கிடைச்சுது. கப்பலச் சுத்தி கேபிள் ஓட்டி கரண்ட் விட்டு, கப்பலோட காந்தத்துக்கு எதிரா ஒரு காந்தத்த உண்டாக்கறது. சார்லஸ் குட்ஈவ்ங்கற கனடாக்காரர்தான் இதுக்கு டீகாஸிங்னு பேரு வச்சார், காந்தத்த அளக்கற காஸ்ங்கற யூனிட்லேருந்து, அந்த காஸ் ஒரு ஜெர்மன் கணித மேதை. காயில் மாட்ட நேரமில்லாத சின்னக் கப்பலுக்கு, கிட்டத்தட்ட 2000 ஆம்பியர் ஓடற தடி கேபிள பக்கவாட்டுல மேலயும் கீழயும் தேச்சு விட்டாங்க, அது கொஞ்ச மாசம் தாங்கும். 1940ல பிரான்ஸ் கடற்கரைல டன்கிர்க்ங்கற ஊர்ல மாட்டிக்கிட்ட படைய மீட்டப்ப நாலே நாள்ல 400 கப்பலுக்கு இப்படித் தேச்சிருக்காங்க.

இங்க நிறைய பேர் குழப்பிக்கற ஒண்ணு இருக்கு. காயில் போட்டா கப்பலோட காந்தம் போயிடாது. கரண்ட் ஓடற வரைக்கும் வெளிய தெரியாம மறைக்குது, ஆஃப் பண்ணினா பழையபடி வந்துடும். அதுவும் ஒரே அளவு கரண்ட் எல்லா இடத்துக்கும் செட் ஆகாது. இங்கிலாந்துப் பக்கம் பூமியோட காந்தம் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குது, நம்ம கன்னியாகுமரி, தும்பா பக்கம் படுத்த வாக்குல போகுது, ஏன்னா காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாத்தான் போகுது, தும்பால ராக்கெட் தளம் வச்சதே அதுக்காகத்தான். அதனால அட்லாண்டிக்ல வச்ச அளவுலயே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தா காயிலே ஒரு காந்தமா காட்டிக் கொடுத்துடும், இடத்துக்கும் திரும்பற திசைக்கும் ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே இருக்கணும், இப்ப அதெல்லாம் ஆட்டோமேட்டிக்.

நிஜமாவே காந்தத்த எடுக்கறதுக்குப் பேரு டீபெர்மிங். கப்பல் மொத்தத்தையும் சுத்தி மாலுமிங்க கையால கேபிள் சுத்துவாங்க, முதுகு ஒடியற வேலை. அப்புறம் பெரிய கரண்ட ஒரு திசைல, உடனே எதிர்த் திசைல, மறுபடி கொஞ்சம் குறைச்சு முன்ன பின்னன்னு படிப்படியா சைபருக்குக் கொண்டு வருவாங்க. நான் காயில ஆன்ல வச்சுக்கிட்டே பின்னாடி நடந்தேனே, அச்சு அசல் அதேதான். டிவில நாங்க டீகாஸ்னு சொன்னது கப்பல்காரங்க பாஷைல டீபெர்ம்.

இப்பவும் தேவையான்னா, தேவைதான். 1991 பிப்ரவரில பாரசீக வளைகுடால பிரின்ஸ்டன்ங்கற அமெரிக்க க்ரூஸர், தொடாமலே வெடிக்கற கண்ணில மாட்டி உடம்பு விரிசல் விட்டுடுச்சு. இப்ப வர்ற கண்ணிங்க காந்தத்தோட சத்தத்தையும் தண்ணி அழுத்தத்தையும் சேத்துப் பாக்குது, அதனால காந்தத்த மட்டும் குறைச்சா முழுசா தப்பிக்க முடியாது. கண்ணி தேடிப் போற கப்பல பல நாடுங்க மரத்துலயும் ஃபைபர் கிளாஸ்லயும் கட்டினது இதனாலதான், ஆனா அதுலயும் என்ஜின் இருக்கே, அந்த இரும்புக்கும் காயில் போட்டுத்தான் அனுப்பறாங்க.