வேலையை விட்டு தூக்கவும் மாட்டாங்க, வீட்டுக்கு விடவும் மாட்டாங்க

கேள்வி: ஜப்பான்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்திருக்காங்களே, அது அவங்க ரத்தத்துலயே ஊறினதா சார்? சாமுராய் பரம்பரைன்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

சாமுராயை விட்டுடுங்க, பாவம். அந்தக் காலத்துலயே ஜனத்தொகைல பத்துல ஒரு பங்கு கூட அவங்க கிடையாது, மிச்சப்பேர் பெரும்பாலும் விவசாயிங்கதான். இப்ப நாம பாக்குற ஆபீஸ் பழக்கம் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் கெட்டிப்பட்டது, அதுக்குப் பின்னாடி இருக்கிறது சுத்தமான பணக் கணக்கு.

பெரிய கம்பெனிங்க மார்ச்ல காலேஜ் முடிக்கிற பசங்களை ஏப்ரல் 1-ம் தேதி மொத்தமா சேத்துக்கும், ரிட்டயர் ஆகுற வரை வச்சுக்கும், சர்வீஸ் ஏற ஏற சம்பளமும் ஏறும். பர்மனென்ட் ஆளை நினைச்சா தூக்கிட முடியாது, கோர்ட்டுக்குப் போனா கம்பெனிதான் பதில் சொல்லணும். சரி, திடீர்னு ஆர்டர் குவிஞ்சா? புதுசா ஆள் எடுத்தா நாளைக்கு வியாபாரம் படுத்தப்போ அவங்களை அனுப்ப முடியாது, அதனால இருக்கிற ஆளையே இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் உக்கார வைக்கிறது, வியாபாரம் படுத்தா ஓவர்டைமை வெட்டுறது, ஆளை வெட்டுறதில்ல. வேலை போகாதுங்கிற உத்தரவாதத்துக்கு ஊழியர்ங்க கட்டுற பிரீமியம்தான் அந்த ராத்திரி பத்து மணின்னு வச்சுக்கங்களேன். ஒசாகால இருக்கிறவரை வடக்குல ரொம்ப தூரத்துல இருக்கிற சப்போரோவுக்கு போன்னு சொன்னா குடும்பத்தை விட்டுட்டு தனியா ரூம் எடுத்து தங்குறதும் இதே கணக்குதான். வீட்டுல புள்ளைங்களையும் மாமியாரையும் பாத்துக்க சம்பளமில்லாம ஒரு மனைவி இருந்ததாலதான் இது ஓடுச்சு, அதை யாரும் கணக்குல எழுதல.

கேள்வி: அப்போ ஓவர்டைமுக்கு சட்டத்துல லிமிட்டே இல்லையா?

சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 40 மணி நேரம்தான். ஆனா தொழிலாளர் சட்டம் 36-வது பிரிவுல ஒரு கதவு திறந்திருக்கு. நிர்வாகமும் யூனியனும் (யூனியன் இல்லைன்னா ஊழியர்ங்க பிரதிநிதியும்) ஒப்பந்தம் போட்டு லேபர் ஆபீஸ்ல ஃபைல் பண்ணிட்டா அதுக்கு மேலயும் வேலை வாங்கலாம். அதுலயே ஒரு ஸ்பெஷல் கண்டிஷனையும் சேத்துட்டா மேல கூரையே இல்லாத மாதிரிதான், ரொம்ப வருஷம் அப்படித்தான் போச்சு. 2015 டிசம்பர்ல டென்ட்சு விளம்பரக் கம்பெனில 24 வயசு பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, மாசத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல ஓவர்டைம் பாத்திருக்காங்க. வேலைச் சுமையால வந்த சாவுன்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு, கோர்ட் கம்பெனிக்குப் போட்ட அபராதம் 5 லட்சம் யென், அவ்ளோதான். அந்த சூடு ஆறுறதுக்குள்ள 2018-ல சட்டத்தை மாத்தினாங்க. 2019 ஏப்ரல்ல இருந்து பெரிய கம்பெனிங்கள்ல எவ்ளோ வேலை குவிஞ்சாலும் வருஷத்துக்கு 720 மணி, ஒரு மாசத்துல 100-க்குள்ள. அந்த 100-ங்கிற நம்பரை இன்னொரு தடவை பாத்துக்கங்க. எனக்கு இது லிமிட்டா தெரியல.

கேள்வி: பொருளாதாரம் சரிஞ்சப்பவே இந்த முறை உடைஞ்சிருக்கணுமே? ஜனத்தொகை குறையறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நல்லா கேட்டீங்க. 1989 டிசம்பர் 29 அன்னிக்கு ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடு நிக்கேய் 38,915-ல முடிஞ்சது, அந்த உச்சத்தைத் திரும்பத் தாண்ட 2024 பிப்ரவரி ஆயிடுச்சு. நடுவுல கம்பெனிங்க என்ன பண்ணுச்சுன்னா, உள்ள இருந்த சீனியர்களைத் தூக்க முடியாதுல்ல, அதனால வாசலைச் சாத்திடுச்சு. 93-ல இருந்து 2004 வாக்குல வரைக்கும் காலேஜ் முடிச்சு வந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. அங்க படிப்பு முடிக்கிற வருஷத்துல வேலைல சேரலைன்னா அந்த ஏப்ரல் பஸ் திரும்ப வராது. கான்ட்ராக்ட், பார்ட் டைம்னு போனவங்க அதுலயே நின்னுட்டாங்க. 1990-ல சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்கள்ல அஞ்சு பேர்ல ஒருத்தர் அப்படி இருந்தார், இப்ப கிட்டத்தட்ட 37 சதவீதம். உள்ள போன கொஞ்சப்பேருக்கோ நாலு பேர் வேலையை ரெண்டு பேர் பாக்குற நிலைமை, அதனால ஓவர்டைம் குறையவும் இல்ல.

இதுல மாட்டினது யாருன்னு பாருங்க. 1971-74-ல வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் குழந்தைங்க பொறந்துச்சு, அந்தப் பெரிய செட்தான் இந்த வாசல் சாத்தின நேரத்துல வெளிய வந்துச்சு. அவங்க கல்யாணம் பண்ணி புள்ளை பெத்துக்கும்போது இன்னொரு பிறப்பு அலை வரும்னு எல்லாரும் காத்திருந்தாங்க, வரல. ஜப்பான்ல கல்யாணம் ஆகாம குழந்தை பொறக்குறது 2 சதவீதம் அளவுதான், கல்யாணத்துக்கு பொண்ணு வீட்ல நிலையான வேலை கேப்பாங்க, வேலை இல்லைன்னா கல்யாணம் இல்ல, கல்யாணம் இல்லைன்னா குழந்தை இல்ல. 1949-ல கிட்டத்தட்ட 27 லட்சம் பிறப்பு, 2024-ல 7 லட்சத்துக்கும் கீழ. இளைஞர்ங்களுக்கு சுயநலம் ஜாஸ்தின்னு அங்கயும் பெருசுங்க திட்டுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. வாசலைச் சாத்தினது அந்தப் பசங்க இல்லையே.

கேள்வி: ஆள் பத்தலைன்னா பெண்களை முழு நேரம் வேலைக்கு எடுக்கலாம்ல?

வேலைக்கு வர்றாங்க, 15-ல இருந்து 64 வயசு வரை உள்ள பெண்கள்ல 70 சதவீதத்துக்கு மேல. ஆனா பாதிக்கு மேல பார்ட் டைம், கான்ட்ராக்ட்தான். வருஷ சம்பளம் 13 லட்சம் யென்னைத் தாண்டினா கணவரோட இன்சூரன்ஸ்ல இருந்து வெளிய வந்து சொந்தமா கட்டணும், கையில வர்றது குறையும். அதனால டிசம்பர்ல கடைல கூட்டம் அள்ளுறப்பதான் பார்ட் டைம் அக்காக்கள் ஷிப்ட்டைக் குறைச்சுக்கிறாங்க. 2025-ல வருமான வரி வரம்பை ஏத்தினாங்க, ஆனா இந்த 13 லட்சம் யென் இன்சூரன்ஸ் சுவர் அப்படியே நின்னுச்சு.

கேள்வி: உலகத்துலயே அதிக நேரம் உழைக்கிறது ஜப்பான்தானா?

இல்ல. சராசரி வருஷத்துக்கு 1,600 மணி நேரம் வாக்குலதான், அமெரிக்கா 1,800 பக்கம். பார்ட் டைம்காரங்க சேர்ந்ததால சராசரி கீழ இறங்கிடுச்சு, காசில்லாத ஓவர்டைம் கம்பெனி கணக்குலயே ஏறாது.

கேள்வி: என் தம்பி அங்க கேர்கிவர் வேலைக்கு முயற்சி பண்றான். போகலாமா?

போகலாம், கண்ணைத் திறந்துட்டு போகச் சொல்லுங்க. 2019-ல வந்த ஸ்பெசிஃபைட் ஸ்கில்டு வொர்க்கர் விசால மொழித் தேர்வும் தொழில் தேர்வும் பாஸ் பண்ணணும், அதே துறைக்குள்ள வேற கம்பெனிக்கு மாறவும் முடியும். 1993-ல ஆரம்பிச்ச பழைய டெக்னிக்கல் இன்டர்ன் திட்டத்துல அது பொதுவா முடியாது, நிறையப் பேர் சிக்கிக்கிட்டாங்க, அதை எடுத்துட்டு வேற கொண்டு வர 2024-ல சட்டம் போட்டாச்சு. ஆஃபர் லெட்டர் வந்தா சம்பளத் தொகைக்குள்ளயே இத்தனை மணி நேர ஓவர்டைம் அடக்கம்னு ஒரு வரி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இருந்தா அதைக் கழிச்சா அடிப்படைச் சம்பளம் எவ்ளோ, அந்த மணி நேரத்துக்கு மேல பாத்தா தனியா தருவாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கணும்.