கீழ்த்தட்டு அடுக்கும் பெண்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பணிச்சூழல் நன்றாக இருந்தால் ஊழியர்களுக்குத் திருப்தி வரும், திருப்தி வந்தால் வேலை சிறக்கும் என்று எம்பிஏவில் படித்தவன். அதை நம்பி முதலாளியிடம் பேசிச் சில மாற்றங்கள் செய்தேன். சுவருக்குப் புது வண்ணம், மெல்லிய இசை, சாப்பாட்டு அறைக்கு ஏசி. சட்டப்படி ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஸ்டூல் போட்டோம். ஆனால் விற்பனை கூடவில்லை. ஆட்கள் நின்றுவிடுவதும் குறையவில்லை. ஸ்டூலில் யாரும் உட்காருவதே இல்லை. கருத்துக் கணிப்புப் படிவம் கொடுத்தால் பெரும்பாலோர் 'திருப்தி' என்றே டிக் அடிக்கிறார்கள். 'அவங்களே வேண்டாம்கிறப்ப நாம ஏன்ப்பா செலவு பண்ணணும்?' என்கிறார் முதலாளி. எங்கள் ஆலோசகர் ஹாத்தார்ன் ஆய்வைக் காட்டி, சூழல் பெரிதில்லை, கவனிப்புதான் முக்கியம் என்கிறார். உண்மையில் பணிச்சூழலுக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு உண்டா? வண்ணம், இசை, இருக்கை இவற்றில் எதற்கு முன்னுரிமை தரலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. 'ஸ்டூலில் யாரும் உட்காருவதே இல்லை.' கொஞ்ச நாளாகவே என் மனம் இதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் பெரியம்மா மகள், எங்கள் அக்கா, சின்ன வயதிலேயே மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனவள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் போனாள். இப்போது அவளுடைய இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்து நிற்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும், நடந்தால் அது நடக்கும், ஒரே இடத்தில் நின்றால் நடக்காது என்று டாக்டர் விளக்கினார். ரத்தம் கீழேயே தேங்கத் தேங்க, குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துவிடுகின்றன. அக்கா கேட்டுவிட்டு, 'நாங்க எங்க சார் நடந்தோம், நின்னோம்' என்றாள்.

அவள் வேலை பார்த்த கடையில் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. உட்கார்ந்ததைச் சூப்பர்வைசர் பார்த்தால் சம்பளத்தில் பிடித்தம். அதனால் அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கீழ்த்தட்டுத் துணிகளை அடுக்குவது. குந்தி உட்கார்ந்து, அடுக்கிய துணியையே கலைத்து மறுபடி அடுக்குவார்கள். வேலை செய்வது போலவும் இருக்கும், காலுக்கும் கொஞ்சம் ஓய்வு. இன்றைக்கு யார் கீழ்த்தட்டு என்று காலையிலேயே பேசி முறை வைத்துக்கொள்வார்களாம். வயிற்றுவலி நாள் என்றால் முறையை விட்டுக்கொடுப்பார்களாம். 'அந்தப் பிள்ளை நல்லா அடுக்குது' என்று மேனேஜர் அக்காவைப் பாராட்டிக்கூட இருக்கிறார்.

அவள் சொன்ன இன்னொன்றை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நீங்கள் தேடும் 'வேலைத்திறன்' அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு ஆபீஸ் விட்டுக் கூட்டம் வரும். அப்போதுதான் வியாபாரம். அந்த நேரத்துக்கு அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது. யாராவது வந்து, 'இதே டிசைன்ல மாம்பழக் கலர் இருக்கா?' என்று கேட்பார்கள். இருக்கும். மேல்தட்டில் இருக்கும். ஏணி போட்டு ஏற வேண்டும். அக்கா, 'இல்லீங்க, ஸ்டாக் தீர்ந்துபோச்சு' என்பாள். செக்‌ஷனில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். எத்தனை புடவை அப்படிப் போனது என்று அந்த முதலாளிக்குக் கடைசிவரை தெரியாது, ஏனென்றால் விற்காத புடவைக்குப் பில் கிடையாது. விற்பனை கூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடையில் சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை 'இல்லீங்க' சொல்லப்படுகிறது என்று பார்த்தீர்களா?

சரி, ஸ்டூலுக்கு வருகிறேன். போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒரு பெண் அதில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் அவள் எழுந்திருக்க வேண்டுமா? கேமராவில் பார்த்து யாராவது போன் செய்கிறார்களா? மாதக் கடைசியில் இன்சென்டிவ் போடும்போது, 'இந்தப் பிள்ளை எப்பப் பார்த்தாலும் உக்காந்திருக்கு' என்று ஒரு வார்த்தை வருகிறதா? வருகிறது என்றால் அந்த ஸ்டூல் லேபர் இன்ஸ்பெக்டருக்காகப் போட்டது. அந்தப் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது எம்பிஏ படித்த உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குக் கோபம்.

சட்டப்படி என்று சொல்கிறீர்கள், அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே ஓய்வு வாய்க்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆலையில் நிற்பவருக்குக் கிடைத்தது கடையில் நிற்பவளுக்குக் கிடைக்க 2021 செப்டம்பர் ஆனது. அப்போதுதான் சட்டமன்றத்தில் அந்தக் கடைகள் சட்டத்துக்கு 22-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். எழுபது ஆண்டுக்கு மேல், தம்பி. அதுவும் 2018இல் கேரளம் செய்து காட்டிய பிறகு. அங்கேயும் அரசாங்கம் தானாக மனமிரங்கிக் கொடுத்துவிடவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணும் அவர் சேர்த்த 'பெண்கூட்டு' அமைப்பும் பல வருஷம் போராடினார்கள். திருச்சூரில் ஒரு புடவைக் கடைப் பெண்கள் உட்காரக் கேட்டு வெயிலில் போராட்டம் இருந்தார்கள்.

பிரிட்டனில் 1899லேயே மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கை என்று சட்டம் போட்டார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964இல் கொண்டுவந்த 120ஆம் உடன்படிக்கை. அதில் 14ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. போதுமான இருக்கை கொடு என்பது ஒன்று. அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்புக் கொடு என்பது இன்னொன்று. எழுதியவர்களுக்குக் கடை முதலாளிகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு, இரண்டாம் பாதி நடக்கவில்லையே என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒரு வாதம் உண்டு. 'கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை' என்பது. யார் சொன்னது? நம் ஊர்ப் பழைய ஜவுளிக்கடைகளை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெள்ளை விரித்த மெத்தை மேல் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவோம். புடவையை நம் மடிவரை விரித்துப் போடுவார். முந்தியைத் தடவிப் பார்க்கச் சொல்வார், பாட்டிக்கு எந்த நூல், கல்யாணப் பெண்ணுக்கு எந்தச் சரிகை என்று பேசுவார். காஞ்சிபுரத்தில் அப்படி விற்கிற இடங்கள் உண்டு. மரியாதைக்கு அங்கே ஒரு குறையும் வந்ததில்லை. அப்புறம் கவுன்டர் வந்தது, ஷோரூம் வந்தது. வாங்குகிறவருக்கு நாற்காலி, விற்கிறவளுக்குத் தரை என்றானது. விற்கிற வேலைக்குப் பெண்கள் நிறைய வரத் தொடங்கிய காலமும் அதுதான். உட்கார்ந்து விற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கடைக்குச் சொந்தக்காரர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள். நிற்க வைக்கப்பட்டவர்கள் ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள். நின்றால்தான் மரியாதை என்ற விதி யாருக்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் ஆலோசகர். அவருடைய ஹாத்தார்ன் கதை அரைகுறை. சிகாகோ பக்கம் சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். எப்படி மாற்றினாலும் உற்பத்தி கூடியது, ஆகவே சூழல் முக்கியமில்லை, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே போதும் என்று சொல்லிச் சொல்லி அது ஒரு நம்பிக்கையாகிவிட்டது. 2011இல் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்தப் பழைய வெளிச்சக் கணக்கைத் தேடி எடுத்து ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட அளவுக்கு அதில் எதுவும் இல்லை. பிறகு ரிலே என்ற தொலைபேசிக் கருவிப் பாகத்தைப் பூட்டும் பெண்களைத் தனி அறையில் வைத்து நடத்தினார்களே, அந்தச் சோதனையில் இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கு ஏற்ற கூலி கொடுத்தார்கள். ஓய்வும் கூலியும் மாறியிருக்கின்றன, உங்கள் ஆலோசகர் அவற்றை விட்டுவிட்டார். இன்னொன்றையும் விட்டுவிட்டார். அதிகம் பேசுகிறார்கள், வேலை குறைவு என்று அந்த அறையிலிருந்து இரண்டு பெண்களை 1928 தொடக்கத்தில் வெளியே அனுப்பி, வேறு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை நன்றாக ஏறியது. மீதியிருந்தவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? உங்கள் படிவத்தில் 'திருப்தி' என்று டிக் அடிக்கிறவர்களும் அதே பாடத்தைக் கற்றவர்கள்தான். படிவத்தை வாங்குகிறவர் சூப்பர்வைசராக இருக்கும்வரை அது அவர்களுடைய அச்சத்தை மட்டும்தான் அளக்கும்.

சூழலுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்றால் உண்டு. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கத்தான். எல்இடி குறைவாகச் சூடாகும் என்பதால் வெயில் நாட்களில் தையல் வேலையின் வேகம் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உடம்பு லேசானால் கை ஓடும். இதை நிரூபிக்க வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை என்றாலும் அந்தப் பெண்கள் உட்கார வேண்டும். கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் அவருடைய நாற்காலியால் எவ்வளவு லாபம் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சுவர் வண்ணம், இசை இரண்டையும் மறந்துவிடுங்கள். பேச எதுவும் இல்லை.

உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, இல்லையென்றால் இவ்வளவு நீளமாகத் திட்டியிருக்க மாட்டேன். முதலாளியிடம் பேசி ஸ்டூல் போட வைத்தவர் நீங்கள். அடுத்ததையும் செய்யுங்கள். உட்கார்ந்ததற்காகப் பிடித்தமோ திட்டோ கிடையாது என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, மாடிக்கு மாடி ஒட்டுங்கள். சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, கூட்டமில்லாத பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர்கள் முதலில் உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் உட்கார்ந்தால்தான் இவர்கள் உட்காருவார்கள். ஸ்டூல் கவுன்டர் உயரத்துக்கு ஏற்றதா, முதுகு சாய இடம் இருக்கிறதா என்று நீங்களே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். படிவத்தை நிறுத்துங்கள். வேலையை விட்டுப்போன பெண்களில் பத்துப் பேருக்குப் போன் செய்து பேசுங்கள், இப்போது அவர்களுக்கு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்வார்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஏசி வருகிறது, இசை வருகிறது, கழிப்பறை வரவே இல்லை. மிட்டாய்த் தெருப் பெண்கள் நாற்காலிக்கு முன்னால் கேட்டது கழிப்பறையைத்தான். அக்கா மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாள், குடித்தால் போக வேண்டும், போக அனுமதி கேட்க வேண்டும். நீர்க்கடுப்பு அவளுக்கு வருஷா வருஷம் வந்தது. உங்கள் கடையில் எத்தனை பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, எந்த மாடியில், யாரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா