ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் இருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி இதுதான்: புதுச்சேரியின் பாகூர் பக்கத்தைச் சேர்ந்த என் தம்பி கடலூரில் ஒரு திருட்டு வழக்கில் கைதானார். ஜாமீன் உத்தரவு வந்து இருபது நாளாகியும், கடலூர் மாவட்டத்தில் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்கவில்லை என்பதால் இன்னும் கடலூர் கேப்பர் மலைச் சிறையில்தான் இருக்கிறார். இப்படிப்பட்டவருக்கு உரிமை என்று ஏதாவது உண்டா?

உண்டு. சட்டம் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது; கேட்டு வாங்கத்தான் ஆள் இருப்பதில்லை. கடலூரில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகப் பதினோரு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். நீதிபதி "போகலாம்" என்று எழுதிய பிறகும் ஒருவர் உள்ளே கிடப்பதைப்போல் என் மனத்தை அறுப்பது வேறொன்றும் இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் ஒரு தாயின் மஞ்சள் பைதான் நினைவுக்கு வந்தது. சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அவருடைய மகனுக்கு, இந்த மாவட்டத்தின் ஒரு நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்திருந்தது. அந்த அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்: கொம்யூன் பஞ்சாயத்தின் (புதுச்சேரிப் பக்கத்து உள்ளாட்சி) வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை, ஆதார், தம் அண்ணனின் நிலப் பட்டா. ரசீது ஈரம் பட்டுவிடக் கூடாது என்று பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டிருந்தார். "இதெல்லாம் புதுச்சேரிச் சொத்து, இங்கே செல்லாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்தால் அவருடைய ஊர் எட்டிவிடும் தூரம்தான். அந்தத் தூரத்துக்காக மகன் மேலும் முப்பத்தொரு நாள் உள்ளே இருந்தார்.

இப்படித் திருப்பி அனுப்புவது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு அது. அவருக்கு ஜாமீன் தர உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தும், கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரையும், ஆளும் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்தது. வழக்கு மீண்டும் மேலே வந்தபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாமீன்தாரர் யாரும் இல்லாமல், ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடுவிக்கச் சொன்னார். ஒரு தமிழரோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பு கேட்கிறது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பாகூர்க்காரர் கடலூரில் கைதானாலே அந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள நீதிமன்றங்கள் சென்னை உயர் நீதிமன்றம் என்ற ஒரே கூரையின்கீழ்தான் இருக்கின்றன.

உங்களுக்கு இன்னும் நேரடியாக உதவக்கூடியது உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை, இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் ஒரு வழக்கறிஞரையோ தன்னார்வலரையோ அனுப்பி, என்ன தடை என்று கேட்டு உதவ வேண்டும். ஒரு மாதம் கடந்தால், நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். வெளியே வந்தால்தான் ஜாமீன்தாரரைத் தேட முடியும் என்று கைதி சொன்னால், தகுந்த வழக்குகளில் தற்காலிக ஜாமீன் தருவது பற்றியும் யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்பதையும், அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்பதையும் அதே உத்தரவு வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் தம்பிக்கு இருபது நாளாகிவிட்டது. ஏழாம் நாளே செயலாளருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். போனதா என்று முதலில் கேளுங்கள்.

இந்தச் சிறையைப் பற்றிப் பேசும்போது பாரதியார் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்து வந்தவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் வெளியிலிருந்து குரல் கொடுத்ததால், நிபந்தனைகளோடு டிசம்பர் 14-இல் வெளியே வந்தார். அவருக்காகப் பேசப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். உங்கள் தம்பிக்காகப் பேச ஆணைக்குழுவும் நீங்களும்தான் இருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீதிமன்ற வாசலில் பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் ஆட்கள் உங்களை அணுகுவார்கள். அவர்கள் காட்டும் ரசீது போலியாக இருந்தால் ஜாமீன் ரத்தாவதோடு தம்பிமேல் இன்னொரு வழக்கும் விழக்கூடும். பணம்தான் தடை என்றால், ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கேளுங்கள். அந்த ஆண்டின் நெறிமுறைப்படி விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை மாவட்டக் குழு அனுமதிக்க முடிந்தது; இப்போதைய வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு அது கிடையாது. திருட்டு வழக்குக்கு அந்தத் தடை இல்லை.

நிபந்தனையைத் தளர்த்தும் மனுவை ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே போட வேண்டும். அங்கே மறுத்தால் செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ பிணைத் தொகையைக் குறைக்கலாம். தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மனுவில் தம்பியின் வேலை, தினக்கூலி, குடும்பம் எத்தனை தலைமுறையாக அதே ஊரில் இருக்கிறது என்பதையெல்லாம் விவரமாக எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் மகன் வெளியே வந்தது அப்படித்தான்: புதுச்சேரி வீட்டு வரி ரசீதையே ஏற்கக் கோரி மறுபடி மனுப் போட்டோம், இந்த முறை மோதிராம் தீர்ப்பின் நகலும் கூடவே இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். அடுத்த முறை சிறையில் பார்க்கப் போகும்போது தம்பியிடம், உள்ளே இருக்கும் சட்ட உதவி மையத்தில் ஜாமீன் உத்தரவின் தேதியைச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி முக்கியம், ஏழு நாளும் ஒரு மாதமும் அதிலிருந்துதான் கணக்கு.