உடையாத விமானம்

அன்புள்ள ஐயா,

ஏழாவது படிக்கும் என் மகனுக்கு விமானப் பைத்தியம். பால்சா மரத்தில் தானே செய்து பறக்கவிட வேண்டுமாம். ரிமோட்டோடு தயாராகவே கிடைக்கிறது என்றாலும் கேட்பதில்லை. முதல் தடவையே உடைந்தால் மனம் விட்டுப்போவான். சுலபத்தில் உடையாத மாடல் எது? என்ன மோட்டார் போடலாம்? பேசாமல் நானே செய்து கொடுத்துவிடலாமா?

செ., பாலக்கோடு

அன்புள்ள செ.,

போன வாரம்தான் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் ஒரு பால்சா இறக்கை கிடந்தது. நடுவில் கோணலாக ஒரு ஒட்டு, பசை மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. அதை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மோட்டார் இப்போது வேண்டாம். அந்தப் பேச்சை அதோடு விடுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெங்களூரில் வேலை பார்த்த மாமா இரண்டு பால்சா ஷீட் கொண்டுவந்தார். ஈக்வடார் காட்டு மரம் என்று சொல்லிக் கையில் கொடுத்தார். எடையே இல்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பிளேடும் இரும்பு ஸ்கேலும் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரே அழுத்தில் வெட்டி இரண்டு துண்டைக் கிழித்த பிறகுதான், “லேசா நாலு தடவை இழுடா, ஒரே தடவையில அறுக்காதே” என்றார்.

செய்து முடித்ததும் அப்பாவுக்கு ஆசை தாங்கவில்லை. என் கையிலிருந்து வாங்கி, மாங்காய்க்குக் கல் எறிவது மாதிரி வானத்தைப் பார்த்து வீசினார். அது அண்ணாந்து ஏறி, ஒரு கணம் நின்று, மூக்கு குத்தி விழுந்தது. இறக்கை இரண்டாக முறிந்தது. நான் அழுதேன். மாமா அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம், “முறிஞ்ச வாயைத் தேய்க்காதே, அப்படியே பொருத்தி ஒட்டு” என்றார். அன்று ராத்திரி நான் ஒட்டினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தார்.

செ., நானே செய்து கொடுக்கலாமா என்று கேட்கிறீர்களே, எனக்குக் கோபம் வருகிறது. அவன் சோற்றையும் நீங்களே தின்பீர்களா? விளக்குப் பிடியுங்கள், போதும். உடையாத மாடல் என்று ஒன்று கிடையாது. உடைந்ததை ஒட்டத் தெரிந்தவன்தான் அடுத்ததைக் கட்டுவான்.

ரிமோட் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. விமானத்தில் உள்ள கோளாறை, ரிமோட்டைத் திருகும் விரல் மூடி மறைத்துவிடும். கையால் வீசும் கிளைடரில், அதாவது மோட்டார் இல்லாமல் மிதந்து போகும் விமானத்தில், திருத்துவதற்கு யாரும் கிடையாது, கோளாறு பளிச்சென்று தெரியும். 1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் ஆல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயதுப் பையன், முறுக்கிய ரப்பரில் ஓடும் சின்ன மாடல் ஒன்றைச் சுமார் 40 மீட்டர் பறக்கவிட்டான். 11 விநாடி. வாலின் கோணத்தைச் சரியாக வைத்ததால் அது தன்னைத்தானே சமன்செய்துகொண்டு போனது.

உங்கள் மகனும் அதைத்தான் கற்க வேண்டும். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியில் இரண்டு பக்கமும் விரல்நுனி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். கிடையாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் எடைக்கு மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்ட வேண்டும். பிறகு நேராக, மூக்கைத் துளி இறக்கி, மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். எறியக் கூடாது. தூக்கித் தூக்கி விழுந்து அலைபோலப் போனால் இன்னும் ஒரு அரிசி அளவு களிமண். நேரே குத்தி இறங்கினால் ஒரு அரிசி அளவு எடுத்துவிடு. ஒரு வீச்சுக்கு ஒரே ஒரு மாற்றம்தான். களிமண்ணையும் கூட்டி வாலையும் வளைத்தால் எது செய்தது என்று தெரியாமல் போகும். திரும்பச் சொல்கிறேன், ஒரு வீச்சுக்கு ஒரு மாற்றம். நான் அன்று நாற்பது தடவை வீசினேன். மாமா ஒவ்வொரு தடவையும், “இப்ப என்ன மாத்தினே?” என்று மட்டும் கேட்டார்.

மரம் வாங்கும்போது தராசில் போட்டு வாங்குங்கள். 75 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள ஷீட் 10 கிராமும் இருக்கும், 25 கிராமும் இருக்கும். லேசானது வாலுக்கு. வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் பல கிராம் கேட்கும். பசையையும் ஊற்றக் கூடாது, குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும். அடுத்த வருஷம் ரப்பர் விமானத்துக்குப் போகட்டும். ரப்பருக்கு மெஷின் எண்ணெய் ஆகாது, நம் ஊர் விளக்கெண்ணெய் பூசலாம்.

ஆடிக் காற்றில் பறக்கவிடாதீர்கள். ராகி அறுத்த கொல்லையாகப் பார்த்து, விடிந்ததும் போங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறிப் பருந்து வட்டமிடத் தொடங்கினால் காற்று குழம்பிவிடும், வீட்டுக்கு வந்துவிடுங்கள். முதல் வீச்சு அவன் கையால். நீங்கள் கொல்லையின் அந்தக் கோடியில் நில்லுங்கள். எடுத்துவந்து கொடுக்க ஆள் வேண்டுமே.

அன்புடன்.